தீவாந்திரம் வந்தவர்கள் கட்டிய ஊர்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் ஊடகங்கள் அதிகம் பேசாத விஷயம் எது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேலைக்காக இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற சிறப்புக் கட்டுரைகளில் அதே நாலைந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதற்கு வெளியே ஒன்றும் இல்லையா, இருந்தால் ஏன் பேசுவதில்லை, தெரிந்துகொள்ள எங்கே தொடங்கலாம் என்று கேட்கிறார்.

நிறையவே இருக்கிறது, தம்பி. ஆனால் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் கைதிகளைத்தான் சொல்வேன். 1825 முதல் 1873 வரை, ஏறக்குறைய ஐம்பது வருடம், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கிய கைதிகள் இந்தத் தீவில் சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், செங்கல் சுட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருந்தவன். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலை சில வந்தபோது, அந்தக் காலத்தில் பூச்சு எப்படிப் பூசினார்கள், யார் பூசினார்கள் என்று தேடப்போனேன். அந்தத் தேடல்தான் என்னை இவர்களிடம் கொண்டுவந்து விட்டது.

முதலில் பின்னணி. நம் தாத்தா பாட்டி காலத்தில் 'தீவாந்திர சிட்சை' என்று ஒரு சொல் இருந்தது. கொலை, கொள்ளை போன்ற குற்றங்களுக்குத் தூக்குக்கு அடுத்தபடியான தண்டனை அது: கடல் கடத்தி, திரும்பி வர முடியாத தீவுக்கு அனுப்பிவிடுவது. நம்மில் பலருக்கும் அது என்றாலே அந்தமான்தான் நினைவுக்கு வரும். அந்தமான் சிறைக் குடியேற்றம் நிலையாகத் தொடங்கியது 1858இல். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனி தன் கைதிகளைப் பினாங்குக்கும் சுமத்ராவின் பென்கூலனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்த ஒப்பந்தத்தில் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனது. அங்கே இருந்த கைதிகளை என்ன செய்வது? சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். 1825 ஏப்ரலில் முதலில் சென்னை மாகாணத்துக் கைதிகள் 80 பேர் வந்து இறங்கினார்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர். இந்தத் தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் இங்கே கால் வைத்து அப்போது ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு இந்தியத் துறைமுகங்களிலிருந்து நேரடியாகவே கப்பல்கள் வந்தன. 1850களின் முடிவில் இவர்கள் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது.

எல்லோரும் தமிழர் அல்லர். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் சிலர் உற்சாகத்தில் எல்லாவற்றையும் தமிழர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வங்காளம், சென்னை, பம்பாய் மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்தார்கள். ஹாங்காங்கிலிருந்து சீனக் கைதிகளும் வந்தார்கள். சென்னை மாகாணம் என்றால் அதில் தெலுங்கரும் மலையாளிகளும் உண்டு. ஆனாலும் அதில் கணிசமான பேர் தமிழ் பேசியவர்கள்.

இந்தத் தண்டனை எத்தனை கொடியது என்பதற்கு ஒரு விவரம் போதும். வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பினார்கள். 1849இல்தான் அந்த வழக்கம் சட்டப்படி நின்றது. அதுவரை வந்தவர்கள் விடுதலை பெற்று எங்கே போனாலும், என்ன வேலை செய்தாலும், எதிரில் வருகிறவன் முதலில் படிப்பது அந்த நெற்றியைத்தான். தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டவர்கள் உண்டு. மறைத்துக் கட்டியிருக்கிறான் என்றாலே என்னவென்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, கடல் கடத்தப்பட்டவர் எல்லோரும் கொலைகாரர், திருடர் அல்லர். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1802 பிப்ரவரியில், தூத்துக்குடியிலிருந்து 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். அப்போது அவர் சின்னப் பையன். 1818இல் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி பினாங்கில் அவரைப் பார்த்து, அடையாளமே தெரியாமல் உருக்குலைந்து போயிருந்ததாக எழுதிவைத்தார். சிங்கப்பூருக்கு வந்த அரசியல் கைதிகளில் பாய் மகாராஜ் சிங் முக்கியமானவர். பஞ்சாபில் ஆங்கிலேயரை எதிர்த்த சீக்கியத் துறவி. 1850இல் கொண்டுவரப்பட்டு 1856இல் சிறையிலேயே இறந்தார். சிலாட் ரோடு குருத்வாராவில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. சீக்கியர்கள் தங்கள் கைதியை மறக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் அங்கே போகும்போது நினைத்துக்கொள்வேன்.

சரி, இவர்கள் என்ன செய்தார்கள்? தொடக்கத்தில் சதுப்பைத் தூர்ப்பது, காடு வெட்டுவது, சாலை போடுவது. நார்த் பிரிட்ஜ் ரோடும் சவுத் பிரிட்ஜ் ரோடும் 1830களில் கோல்மன் என்ற கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் இவர்கள் போட்டவை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறோமே, அதே சாலைதான். புக்கிட் தீமா, தாம்சன் சாலைகளிலும் இவர்கள் உழைப்பு உண்டு. காட்டுக்குள் சாலை போடும்போது புலித் தொல்லை. அந்தக் காலத்தில் மிளகுத் தோட்டங்களிலும், தோல் பதனிட உதவும் கேம்பியர் செடித் தோட்டங்களிலும் ஆட்களைப் புலி அடித்துப் போவது சாதாரணம். கைதிகளில் தேர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்துப் புலி வேட்டைக்கே அனுப்பினார்கள். ஊரில் தீப்பிடித்தால் அணைக்கவும் இவர்களைத்தான் கூப்பிட்டார்கள்.

கைதியின் கையில் துப்பாக்கியா என்று கேட்பீர்கள். அங்கேதான் இந்தச் சிறையின் விசேஷம். பிராஸ் பாசா பகுதியில் இருந்த அந்தச் சிறையில் காவலர்களும் கைதிகளே. கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள். புதிதாக வந்தவன் கீழ் வகுப்பில், காலில் விலங்கோடு இருப்பான். மலாய்க்காரர்கள் இவர்களை 'ஓராங் ரந்தாய்', அதாவது சங்கிலி மனிதர்கள் என்றே கூப்பிட்டார்கள். ஒழுங்காக இருந்தால் வருடங்கள் போகப் போக விலங்கு கழலும், வகுப்பு உயரும். மேலே வந்தவர்களைத் தண்டல், தபேதார் என்று சிறு அதிகாரிகளாக்கினார்கள். நம் கடலோர ஊர்களில் தோணித் தலைவரைத் 'தண்டல்' என்போமே, அந்தச் சொல்தான் இங்கே சிறைக்குள் வந்தது. எல்லாவற்றுக்கும் மேல் வகுப்புக்காரருக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கும். அவர் வெளியே வீடு எடுத்துத் தங்கலாம், சம்பாதிக்கலாம், கல்யாணம் செய்யலாம். குறித்த நாளில் வந்து ஆஜராக வேண்டும், தீவை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். இந்தச் சிறையின் கடைசிக் காலத்தில் பொறுப்பில் இருந்த மேக்நேர், 1899இல் இதைப்பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கைதிகளே கைதிகளுக்குக் காவலர் என்பதுதான் அதன் தலைப்பு.

என் தொழில் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். இதை நிறுத்திச் சொல்ல எனக்கு ஆசை.

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், அதைக் கட்டியது இந்தியக் கைதிகள். அதே இடத்தில் முன்பு கோல்மன் கட்டிய தேவாலயம் ஒன்று இருந்தது. இரண்டு தடவை இடி விழுந்து, ஆபத்து என்று 1852இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். புதியதற்கு 1856 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். வரைபடம் மேக்பர்சன் என்ற ராணுவப் பொறியாளருடையது. 1861 அக்டோபரில் முதல் வழிபாடு நடந்தது. இடையில் அந்த ஐந்தரை வருட வேலை முழுவதும் கைதிகளின் கை.

அதன் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணம்' என்று பெயர். மேக்நேர் செய்முறையை எழுதிவைத்திருக்கிறார். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதோடு முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் இரண்டையும் சேர்த்து அடித்துப் பசையாக்க வேண்டும். தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீரை விட்டுக் குழைக்க வேண்டும். சுவரில் பூசி, காய்வதற்கு விட்டு, பிறகு படிகக் கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க அவ்வப்போது மாக்கல் பொடியைத் தூவ வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும்வரை தேய்ப்பு நிற்காது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று உடனே தெரியும். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை, வெல்லம் எல்லாம் நம் ஊர்க் கொத்தனார்களின் சொத்து. பூச்சு வேலையில் அவசரம் ஆகாது. ஈரம் அதிகமாக இருக்கும்போதே தேய்க்கத் தொடங்கினால் தோல் உரியும், முற்றிலும் காய்ந்துபோன பிறகு தேய்த்தால் மெருகு ஏறாது. அந்த நேரம் பிடிபட வேண்டும் என்றால் கைக்குப் பழக்கம் வேண்டும். இந்தத் தீவின் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். ஊரில் பழகிய கணக்கு இங்கே செல்லாது. யாரோ ஒருவர், காலில் விலங்கு கிடந்த தழும்போடு, முதல் சுவரைப் பூசிப் பார்த்து, உரிந்து விழுந்ததைச் சுரண்டிவிட்டு, மறுபடியும் பூசித்தான் இங்கத்திய கணக்கைக் கற்றிருப்பார். அப்படித்தான் கற்க முடியும், வேறு வழி கிடையாது. அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மேக்பர்சனுக்கு அந்த வளாகத்திலேயே நினைவுத் தூண் இருக்கிறது.

அந்தத் தேவாலயத்தைச் சுற்றி ஒரு புரளியும் கிளம்பியது. பழைய கட்டடத்தை மூடிய பிறகு, அங்கே பேய் குடியிருக்கிறது, அதைச் சாந்தப்படுத்த மனிதத் தலைகள் வேண்டும், அதற்காகக் கவர்னர் ராத்திரியில் கைதிகளை அனுப்பித் தலை வெட்டி வரச் சொல்லியிருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. இருட்டிய பிறகு ஜனங்கள் வெளியே வரவே பயந்தார்கள். இல்லை என்று அரசாங்கமே அறிவிக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் பாலம் கட்டினால் பிள்ளை பிடிக்க வருவான் என்று சொல்வார்களே, அந்தப் பயம் அப்படியே கப்பலேறி இங்கே வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சின் பாரத்தை யார் சுமந்தார்கள் என்று பாருங்கள். பகலில் கல் சுமந்தவர்களை இரவில் தலைவெட்டிகள் ஆக்கிவிட்டது ஊர்.

அடுத்தது இஸ்தானா, இன்றைய அதிபர் மாளிகை. 1867இல் தொடங்கி 1869இல் முடிந்த கவர்னர் மாளிகை அது. வரைந்தவர் மேக்நேர், கட்டியவர்கள் கைதிகள். செங்கல் சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்த அரசாங்கச் சூளையிலிருந்து வந்தது. அதையும் கைதிகளே நடத்தினார்கள். அந்தச் செங்கல் 1867இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சிக்குப் போய்ப் பதக்கம் வாங்கியது. தீபாவளியை ஒட்டி இஸ்தானாவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஆர்ச்சர்ட் ரோடு வாசலில் நம் குடும்பங்கள் பட்டுச்சேலையும் வேட்டியுமாக வரிசையில் நின்று உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொள்கின்றன. நானும் பேரப்பிள்ளைகளோடு போயிருக்கிறேன். வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருக்கிறவர்களிடம், இதைக் கட்டியது யார் தெரியுமா என்று கேட்பேன். இதுவரை ஒருவர்கூட எனக்குச் சரியாகப் பதில் சொன்னதில்லை. சொன்னால் நம்பாதவர்களும் உண்டு.

பிறகு என்ன ஆனார்கள்? இங்கிருந்த ஐரோப்பிய வணிகர்களுக்கு இது கைதிகளின் கிடங்காக இருப்பது பிடிக்கவில்லை. 1857 கலகத்துக்குப் பிறகு பயமும் சேர்ந்துகொண்டது. இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிய வேண்டும் என்று லண்டனுக்கு மனுப் போட்டார்கள். 1867 ஏப்ரல் 1 அன்று நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) நேரடியாகப் பிரிட்டிஷ் அரசின் கீழ் வந்தன. 1873இல் இந்தியக் கைதிகளின் சிறை மூடப்பட்டது. தண்டனைக் காலம் பாக்கியிருந்தவர்களில் பலரை அந்தமானுக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் இங்கேயே கரைந்துபோனார்கள். மாட்டு வண்டி ஓட்டினார்கள், மாடு வளர்த்துப் பால் விற்றார்கள், சிறு கடை போட்டார்கள். கைதிகளில் பெண்கள் மிகக் குறைவு என்பதால் பலர் மலாய்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறையில் பெயரும் மொழியும் மாறிப்போயின.

(இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு கதை உண்டு. இங்கிருந்து சீனக் கைதிகளை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிலர் நீலகிரியில் நடுவட்டம் பக்கம் சின்கோனாத் தோட்டங்களில் வேலை செய்து, விடுதலைக்குப் பிறகு தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே குடியிருந்தார்கள். ஊட்டிக்காரர் யாராவது இதை விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.)

ஏன் பேசுவதில்லை என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஊடகங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு செய்திக்கு முகம் வேண்டும், பெயர் வேண்டும், பேட்டி கொடுக்க ஒரு பேரன் பேத்தி வேண்டும். வணிகருக்கு அது இருக்கிறது. நாராயண பிள்ளை 1819இலேயே வந்தார், செங்கல் சூளை போட்டார், மாரியம்மன் கோவிலுக்கு வழிசெய்தார் என்று சொல்ல முடிகிறது. 2019இல் இருநூறாவது ஆண்டு வந்தபோது ஆற்றங்கரையில் ராஃபிள்ஸுக்குப் பக்கத்தில் கொஞ்ச நாளைக்கு அவருக்கும் சிலை வைத்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கைதிகளுக்கு யாரைச் சிலையாக வடிப்பது? பதிவேட்டில் அவர்கள் எண்களாகவும் வகுப்புகளாகவும் இருக்கிறார்கள். அவர்களைப்பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அவர்களை ஆண்டவர்கள். மேக்நேர் பரிவோடுதான் எழுதினார், ஆனால் தன் நிர்வாகம் எத்தனை சிறப்பானது என்று காட்டத்தான் எழுதினார். அவரைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

பெரிய காரணம் நாம்தான். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு வணிகர் வேண்டும், ஆசிரியர் வேண்டும், பத்திரிகை ஆசிரியர் வேண்டும், நேதாஜி படையில் சேர்ந்தவர் வேண்டும். கைதி வேண்டாம். சிறுபான்மைச் சமூகத்துக்கு இந்தக் கூச்சம் வருவது எனக்குப் புரிகிறது. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளையை இன்னொரு பிள்ளை 'கெலிங்' என்று, இந்தியரை இழிவாகச் சொல்லும் சொல்லால், கேலி செய்யும். அந்தச் சொல்லே கைதிகளின் சங்கிலிச் சத்தத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை வேறு உலவுகிறது. அது தவறு. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்த சொல் அது. கைதிகள் வருவதற்குப் பல நூறு வருடம் முன்பே மலாய் மொழியில் இருந்தது. ஆனால் கேலிக்கு ஆளான பிள்ளை வீட்டுக்கு வந்து அழும்போது, ஆமாம் கண்ணு, நம்மில் சிலர் சங்கிலியோடுதான் வந்தார்கள் என்று எந்த அம்மா சொல்வாள்? அப்படியே ஒரு தலைமுறை சொல்லாமல் விட்டது, அடுத்த தலைமுறைக்குத் தெரியவே இல்லை.

சிலர் இதைக் கேட்டதும் இன்றைய கட்டுமானத் தொழிலாளர்களோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலை தேடித் தானாக வந்து, மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்புகிற தம்பிகளைக் கைதிகளோடு சேர்ப்பது அவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அவர்களுடைய சிரமங்கள் வேறு, அவற்றைத் தனியாகத்தான் பேச வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை: கட்டி முடித்த பிறகு கட்டியவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, எங்கே தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மேக்நேரின் புத்தகம் பழையது என்பதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் 1840கள், 50களின் ஆங்கிலப் பத்திரிகைகளைத் தேடினால் கைதிகளைப்பற்றிய செய்திகள் வரும். பெரும்பாலும் புகார்கள்தான், ஆனாலும் அவற்றில் அன்றாட வாழ்க்கை தெரியும். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. சென்னைக்கு விடுமுறையில் போகிறவர்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். கைதி எந்த ஊர், என்ன குற்றம் என்ற விவரங்களுக்கு அந்தப் பக்கத்து ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும். தமிழில் இதை யாராவது முழுதாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்றால் இப்படிச் செய்யுங்கள். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவிலிருந்து பென்கூலன் ஸ்திரீட் வழியாக நடந்து வாருங்கள். பென்கூலனிலிருந்து வந்து குடியேறியவர்களால்தான் அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர். பிராஸ் பாசா வந்ததும் கொஞ்சம் நில்லுங்கள், சிறை இருந்தது அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். அங்கிருந்து தேவாலயம் பத்து நிமிட நடை. காலையில் பல மொழிகளில் வழிபாடு நடக்கும், அது முடிந்த பிறகு உள்ளே போங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். தூண்களையும் வளைவுகளையும் பாருங்கள். விளிம்புகள் எவ்வளவு நேராக ஓடுகின்றன, வளைவு உச்சியில் எப்படிக் கூடுகிறது என்று கவனியுங்கள். தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. போய்விட்டு வந்து சொல்லுங்கள். வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.